சரோஜாவுக்குப் பதிலாக இரண்டு பேர்

1

தொழிற்சாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் திரும்பவும் மேடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். நேற்று மூங்கில் வந்தது, இன்றைக்குத் தகரம் வந்தது, நாளைக்குச் சிவப்புக் கதிரைகள் வரும். அவை வந்து வரிசையாக நின்ற பிறகு நான் தெருவின் மற்றப் பக்கத்தால்தான் நடப்பேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு ஊரில் யாரும் என்னைப் பற்றிக் கதை கட்டக் கூடாது.

நான் கலியாணமாகிப் பினாங்குக்கு வந்து பதினைந்து வருடம். கடலுக்கு மேலால் பாலம் போட்ட பிறகும் காலையில் ஜோர்ஜ் டவுனில் ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ் பிடித்துத்தான் மாக் மண்டினுக்கு வேலைக்குப் போகிறேன். ரேடியோவுக்குள் வைக்கிற சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருத்துகிற தொழிற்சாலை. நாற்பது பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். தமிழ்ப் பிள்ளைகள் என்னை அக்கா என்பார்கள், மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் 'காக்' என்பார்கள். மலாயில் அதுவும் அக்காதான். வந்த புதிதில், இதென்ன இந்த ஊரில் ஆளைக் காகம் மாதிரிக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மேடை எதற்கென்று சொல்ல வேண்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் செத்தவர்கள் வெளியே வருவார்களாம். வீட்டில் படையல் வைக்க ஆள் உள்ளவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருவருமே இல்லாதவர்கள் தெருவில் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் தெருத் தெருவாக நாடகம். மனிதர்கள் பின்வரிசைகளில் இருந்து பார்ப்பார்கள். முன்வரிசைக் கதிரைகளை வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

நீங்கள் அங்கே சண்டைக்கு நடுவில் இருக்கிற நிலைமையில் ஒரு பந்து விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஊர் ஆட்களுக்குத்தான் சொல்லலாம். நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

2

என்னைக் கூடைப்பந்து அணிக்கு மேனேஜர் ஆக்கியது ஒரு படிவம். வேலைக்குச் சேர்ந்தபோது 'விளையாட்டு' என்ற கட்டத்தில், பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியதாக எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்துப் பெர்சனல் மேனேஜர் கோ அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மிசஸ் சிவா, பந்து இருக்கு, வளையம் இருக்கு, பொம்பளைப் பிள்ளைகள் ஆடுறாங்க. எல்லாம் ஒன்றுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ஒன்றே இல்லை. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. வளையத்துக்குப் பின்னால் பலகையும் இல்லை. சட்டப் புத்தகத்தை வாங்கி ஃபெரியில் நின்றபடியே படித்தேன். படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் மட்டும் ஒருநாளும் பந்தை வளையத்துக்குள் எறிந்து காட்டியதில்லை. முப்பத்தெட்டு வயதில் எறிந்து பந்து விழாமல் போனால் மானம் போய்விடும் அல்லவா.

நல்ல அணி ஒன்று இருந்தது. அதில் நாலு பேர் கலியாணம் கட்டிக்கொண்டு போனார்கள், ஒருத்தி சிங்கப்பூருக்குப் போனாள். மிஞ்சியது சரோஜா. மற்றவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் புதுப் பிள்ளைகள். தலைவி மெய் லிங்குக்கே இருபதுதான். இவர்களை வைத்து முதலிலிருந்து கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

சரோஜா பைராம் தோட்டத்துப் பெண். தாய் அங்கே செம்பனைப் பழம் பொறுக்குகிறாள். விடிய எழும்பி, தம்பியின் மோட்டார் சைக்கிளில் நிபோங் தெபாலுக்கு வந்து, அங்கிருந்து கொம்பனி பஸ்ஸில் வருவாள். இருபத்து நாலு வயது, நல்ல உயரம், கதை குறைவு. ஒரு ஆட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு புள்ளி எடுப்பாள். எங்கள் அணியில் அதுதான் அதிகம்.

3

போன வருடம் இதே மாதம் எங்கள் மைதானத்தில் ஆட்டம். மாலை ஐந்தரை மணி. மாற்று ஆட்டக்காரிகள் இருக்கிற வாங்கு கால் முறிந்து கிடந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தும் திருத்த ஒருவரும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மேடை, மேடைக்கு முன்னால் நூறு கதிரை. பின்னால் சில கிழவர்கள் இடம் பிடித்து இருந்தார்கள். முன்வரிசையில் ஒருவருமில்லை. அது எதற்கு வெறுமையாக இருக்கிறதென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முன்வரிசை பிரமுகர்களுக்கு. அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். தேவைப்பட்டவர்கள் அந்தக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பெரிய ஆள் யாராவது வந்து இறங்கினால் ஓடிப்போய்த் திருப்பிப் போடுவார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் நான் எத்தனை கதிரை தூக்கியிருப்பேன். கைக்கு ஒன்றாக மூன்று நடை நடந்து ஆறு கதிரைகளைக் கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே போட்டேன். பின்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து நின்று என்னையே பார்த்தார். நான் அவருக்குக் கையைக் காட்டிச் சிரித்தேன்.

"இருங்கோ பிள்ளையள்" என்றேன்.

ஒருத்தியும் இருக்கவில்லை. மெய் லிங் இரண்டடி பின்னால் போனாள்.

"தா போலே, காக்" என்றாள். முடியாது என்று அர்த்தம்.

"ஏன் முடியாது? கதிரை கடிக்குமோ?"

மலாய்ப் பிள்ளைகளும் மெதுவாக வேலியோரம் போய் நின்றார்கள். அந்த நேரம்தான் சரோஜா வேலை முடிந்து ஓடி வந்தாள். அவளுக்குக் கதிரைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது.

"என்னக்கா, எல்லாரும் நிக்குறாங்க?"

"அவைக்கு விசர். நீ இரு" என்றேன்.

நடுக் கதிரையில் போய் இருந்து, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். அன்றைக்கு முப்பத்தொரு புள்ளி. எறிந்த பந்து ஒன்றுகூடத் தவறவில்லை. பலகையிலும் படவில்லை, வளையத்திலும் படவில்லை. வலை மட்டும் கொஞ்சம் அசையும். கூடைப்பந்தில் சத்தம்தான் பாதி விளையாட்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இடைவேளைக்கு முன்பே எதிர் அணி கத்துவதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். சப்பாத்து தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆட்டம் முடிந்ததும் ஆறு கதிரைகளையும் கொண்டுபோய் முன்பு இருந்த இடத்திலேயே போட்டேன். கிழவர் இப்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் என் மகள் மாலதியிடம் வெற்றியைச் சொன்னேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை. அவள் பேசுகிற தமிழை நான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொள்வீர்கள்.

"எந்த வரிசையிலேர்ந்து எடுத்தீங்க அம்மா?"

"முன்வரிசை."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது அவங்க சீட்லா அம்மா."

"ஆற்றை சீற்? ஆர் அவங்க?"

அவள் சொல்லவில்லை. இந்த மாதத்தில் அதையெல்லாம் பெயர் சொல்லிப் பேசக் கூடாதாம். கடைசியில் அவள் தகப்பன்தான் எனக்கு விளக்கினார். தாய்க்குத் தெரியாததெல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சல்.

4

அடுத்த ஆட்டம் இருபத்தெட்டு. அதற்கடுத்தது முப்பத்து மூன்று. கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்த அணி மேலிருந்து இரண்டாவதாக வந்துவிட்டது. கோ என்னைக் காணும்போதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் மற்றப் பிள்ளைகள் எறிவதையே நிறுத்திவிட்டார்கள். வளையத்துக்கு நேர் கீழே தனியாக நிற்பாள் ஒருத்தி, கையில் பந்து இருக்கும். நான் "எறி, எறி" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவள் சரோஜாவைத் தேடி அவளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போவாள். நாலு மாதத்தில் புதுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எறிந்தது பத்துத் தடவை இருக்காது. பெயர் சொல்லி அவளைக் கூப்பிடுவதும் இல்லை. அந்த மாதம் முடியும்வரைதான் என்று நினைத்தேன். மாதம் முடிந்தும் கூப்பிடவில்லை, பெயருக்குப் பதிலாகக் கையைத் தட்டி அவளைத் திரும்ப வைத்தார்கள்.

இடைவேளைக்கு நான் தோடம்பழம் உரித்துக்கொண்டு போவது வழக்கம். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பழம். ஒன்று குறைந்தது. யாரோ ஒருத்தி இரண்டு எடுத்துவிட்டாள் என்று அடுத்த முறை பதின்மூன்று கொண்டுபோனேன். அன்றைக்கும் கடைசிப் பிள்ளைக்கு இல்லை. ஒவ்வொரு கையையும் நானே எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு கையிலும் ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் பழம் கொண்டுபோவதில்லை.

ஒருநாள் சிம்பாங் அம்பாட்டில் ஆட்டம். கொம்பனி பஸ்ஸில் போனோம். பிள்ளைகள் மூன்று பேருக்கான ஆசனத்தில் நாலு பேராக நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். சரோஜா யன்னலோரம் தனியாக இருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் இருக்கப் போனேன்.

"அங்க வேணாங்க்கா" என்றாள், மரியாதையாகத்தான். "ஆளு இருக்கு."

யாரோ ஒருத்தி கழிவறைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து நின்றேன். பஸ் புறப்பட்டது. ஒருவரும் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது பஸ் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"விசர்க் கதை கதையாதை பிள்ளை" என்றேன்.

"எனக்குப் பயம் இல்லக்கா. சும்மாதான் இருக்கு, தொந்தரவு ஒன்னும் இல்ல. பந்து எடுத்தா மட்டும் கையப் புடிச்சுத் தூக்கிவிடுற மாதிரி இருக்கும்." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இவளுங்கதான் பேச மாட்டேங்குறாளுங்க" என்றாள்.

நான் அந்த ஆசனத்தில் இருந்திருக்கலாம். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவள் இருந்திருக்க வேண்டும். சிம்பாங் அம்பாட் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

5

அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிம்பாங் அம்பாட் தொழிற்சாலை அணியின் மேனேஜர் சரோஜாவைக் கேட்டார். அதுவும் எங்கள் கொம்பனியின் இன்னொரு தொழிற்சாலைதான். அவளை அங்கே மாற்றிக் கொடுத்தால், பதிலுக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தருவதாகச் சொன்னார். ஒருத்தி கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். எங்கள் போட்டிகளில் ஒரு சட்டம் உண்டு. பழைய அணியின் மேனேஜர் கையெழுத்து வைத்தால்தான் ஒருத்தி புது அணிக்கு ஆடலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும். ஆகவே முடிவு என் பேனாவில் இருந்தது.

ஃபெரியில் நின்று யோசித்தேன். கொடுக்கலாம் என்பதற்கு எத்தனையோ நியாயம். சரோஜாவோடு இரண்டாவதாக வரலாம், ஆனால் அவள் கலியாணம் கட்டிப் போகிற அன்றைக்கு எனக்குப் பந்தைக் கண்டால் ஒதுங்குகிற பதினொரு பேர் மிஞ்சுவார்கள். கொடுத்தால் இந்த வருடம் தோற்போம், பிள்ளைகள் எறியப் பழகுவார்கள், இரண்டு வருடத்தில் அணி எழும்பும். அவளுக்கும் வீடு கிட்ட. கொடுக்கக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு நியாயம்தான் இருந்தது. எல்லோரும் போன பிறகும் போகாமல் நின்றவள் அவள்.

மெய் லிங் என்னிடம் தனியாக வந்தாள்.

"சரோஜாவை அனுப்ப வேண்டாம், காக்" என்று மலாயில் சொன்னாள். "கதிரையை எடுத்தது நீங்கள். மூன்று ஊதுபத்தி கொளுத்தி, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன். அவ்வளவுதான்."

"நான் போய்க் கதிரையிட்டை மன்னிப்புக் கேக்கிறதோ?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்குச் சொல் விளங்காவிட்டாலும் கோபம் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் என்னோடு மட்டும் ஊர்த் தமிழ் பேசுவார்.

"மாத்திக் குடுக்கிறதில என்ன பிழை? எங்கடை கலியாணமும் அப்பிடித்தானே. என்ரை தங்கச்சியை உம்மடை அண்ணருக்குக் குடுத்து, உம்மை எனக்கு எடுத்தது. நீர் நல்லாத்தானே இருக்கிறீர்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுக் கரண்டியை மேசையில் போட்டுவிட்டு எழும்பினேன். நல்லாத்தான் இருக்கிறேன். ஆனால் கப்பல் டிக்கெட் வருகிற வரைக்கும் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வந்திருப்பேன். கேட்டிருக்கலாம்.

அதனால் சரோஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"போகச் சொன்னாப் போறேன்க்கா. அம்மாவும் சந்தோஷப்படும்" என்றாள். பிறகு மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். "நான் நல்லா ஆடலியாக்கா?"

"சீ, அப்பிடியில்லை. புதுப் பிள்ளையளை வளர்க்க வேணும். அதுக்குத்தான்."

படிவம் மலாயில், மூன்று பிரதி. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். அணியைப் புதிதாகக் கட்டி எழுப்புவதற்கு என்று கோ சொல்லித் தந்ததை மூன்று தரம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவளைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுத அந்தக் கோட்டில் இடமும் இல்லை.

6

விளையாட்டுக் கணக்கில் நான் செய்தது சரி. இந்த வருடம் இதுவரை ஐந்து ஆட்டம் தோற்றோம், இரண்டு வென்றோம், ஆனால் எல்லோரும் எறிகிறார்கள். தவறினால் சிரிக்கிறார்கள், விழுந்தால் கத்துகிறார்கள். புதிதாக வந்த உயரமான பிள்ளையின் பெயரை மைதானம் முழுக்கக் கூப்பிடுகிறார்கள். கோவும் இப்போது 'கட்டி எழுப்புதல்' என்றுதான் பேசுகிறார்.

போன கிழமை சிம்பாங் அம்பாட் அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. சரோஜா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அந்தப் பிள்ளைகள் அவள் பின்னலைப் பிடித்து இழுப்பதும், அவள் தண்ணீர்ப் போத்தலைப் பறிப்பதுமாக ஒரே கும்மாளம். எங்கள் பிள்ளைகள்கூடத் தூரத்திலிருந்து "சரோஜா" என்று கூப்பிட்டுக் கை அசைத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. அவள் எறிந்தது பதினான்கு தரம். பன்னிரண்டு தவறியது. பலகையில் அடித்து, வளையத்தில் அடித்து, ஒன்று வேலிக்கு மேலாலேயே போனது. ஒவ்வொரு முறையும் அவள் சிரித்துக்கொண்டு ஓடினாள். எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். அவர்களுடைய மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது, "மிசஸ் சிவா, நீங்கள் கெட்டிக்காரி" என்றார். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை.

நான் வாங்கில் இருந்தேன். வாங்கை இப்போது திருத்திவிட்டார்கள். சரோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"நல்லா இருக்கிறியோ பிள்ளை?"

"நல்லா இருக்கேன்க்கா. பஸ்ல எம்பக்கத்துல உக்காரச் சண்ட போடுறாளுங்க." சிரித்தாள். "பந்துதான் போக மாட்டேங்குது."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மனதுக்குள் இத்தனை மாதமாகக் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"சரோஜா, உன்னை ஆட்டத்துக்காக மாத்தேல்லை. எனக்குப் பயம். அதாலைதான் குடுத்தனான். உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

"தெரியும்க்கா" என்றாள். "அன்னிக்கே தெரியும்."

"என்னைப் பேசன். ரெண்டு ஏச்சு ஏசு."

"எதுக்கு? எனக்கு நல்லதாத்தான் ஆச்சு." துவாயை மடித்துத் தோளில் போட்டாள். போகத் திரும்பியவள் நின்றாள். "அக்கா, ஒன்னு சொல்லட்டுமா. அது என்கூட வரல. நீங்க கையெழுத்து வச்ச அன்னிக்கு, பஸ்ல வீட்டுக்குப் போறப்பவே பக்கத்துல யாரும் இல்ல. நாற்காலியத் தூக்குனது நீங்கதானே. நான் சும்மா உக்காந்தேன், அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. தொலைத்த சாமான் எங்கே இருக்கும் என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் தன் அணிப் பிள்ளைகளிடம் ஓடினாள்.

நான் அப்படியே இருந்தேன். வாங்கின் அந்தக் கரையில் என் அணிப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். இந்த வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கிறார்கள். சூப்பர்வைசருக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊதுபத்தி எங்கே வாங்கலாம் என்று மெய் லிங்கிடம் கேட்க வேண்டும். இத்தனை நாளாக வாய் வரவில்லை. நேற்று மாலை பயிற்சி முடிந்து எல்லோரும் உடுப்பு மாற்றப் போன பிறகு, பந்து ஒன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எடுத்தேன். வளையம் அரை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கை தானாக மேலே எழும்பியது. எறிந்தால் விழும் என்று எனக்குத் தெரிந்தது. பந்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஃபெரிக்கு நடந்தேன்.